ஓட்டுக்கு ரசீது கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டின் விலை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் இரண்டு இடங்கள் நெருடின. வாங்கிய ஆயிரம் ரூபாயை ஐந்து வருஷத்து நாட்களால் வகுத்து, 'ஒரு நாளைக்கு 55 காசுக்கு விற்றுவிட்டாய்' என்று வாக்காளரைக் குத்திக்காட்டும் கணக்கு ஒன்று. நோட்டுக்குப் பின்னால் அதே மதிப்புக்குத் தங்கம் இருக்கிறது, ஓட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்ற ஒப்பீடு இன்னொன்று.

தங்கத்தை முதலில் முடித்துவிடலாம். 1957 முதல் ரிசர்வ் வங்கி நோட்டுக்கு ஈடாகக் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய தங்கமும் அந்நியக் கடன்பத்திரமும் சேர்த்தே 200 கோடி ரூபாய்தான். அதில் தங்கம் 115 கோடிக்கு இருந்தால் போதும். புழக்கத்தில் இருப்பதோ பல லட்சம் கோடி. நோட்டில் கவர்னர் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழியை நம்பி 100 ரூபாயை நீட்டினால், வேறு நோட்டோ நாணயமோதான் கிடைக்கும். நாளைக்கு மளிகைக்கடைக்காரர் வாங்கிக்கொள்வார், அரசு வரியாக ஏற்கும், இஷ்டத்துக்கு அச்சடித்துத் தள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அதன் மதிப்பு. 2016 நவம்பர் 8 நள்ளிரவில் 500, 1000 ரூபாய்த் தாளில் எதுவும் மாறவில்லை. சட்டப்படி செல்லும் என்ற அந்தஸ்து மட்டும் போனது.

பண விநியோகப் புகாரில் அந்த வருஷம் மே மாதம் நிறுத்தப்பட்ட அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நடந்தது அதற்குப் பதினோரு நாள் கழித்து, நவம்பர் 19-ல். அந்த வாரம்தான் வங்கிகளில் நோட்டு மாற்ற வந்தவர்கள் விரலில் ஓட்டு மையை வைத்தார்கள். வாக்குப்பதிவில் குழப்பம் வரும் என்று தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

இனி ஓட்டு. நோட்டைக் கை மாற்றலாம், பெட்டியில் பூட்டி வைக்கலாம். ஓட்டை இரண்டும் செய்ய முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்கு ரசீது கிடையாது. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று இயந்திரத்தோடு இணைந்த பெட்டி அச்சிடும் விவிபேட் சீட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். வெளியே எடுத்து வந்து 'உங்களுக்குத்தான் போட்டேன்' என்று காட்ட வழியில்லை. சரக்கைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்கிறவர் வேட்பாளர். ஒரே வீட்டில் மூன்று கட்சிப் பணம் விழுவதும் இதனால்தான். அதனால் 55 காசுக் கணக்கு அளப்பது ஓட்டின் மதிப்பையே அல்ல. 'எதிராளி கொடுக்கிறான், நாம் கொடுக்காவிட்டால் தோற்போம்' என்ற பயத்தின் விலையைத்தான் அது அளக்கிறது.

2017 டிசம்பர் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் பணப் புகாரால் ரத்தாகி மறுபடி நடந்த தேர்தல் அது. 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்து, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, பெரிய தொகை பின்னால் வரும் என்று சொன்னதாகப் புகார் எழுந்தது. அது உண்மையென்றால் ஒரே தாளில் இரண்டு வாக்குறுதி. 20 ரூபாய்க்கு ரிசர்வ் வங்கி பொறுப்பு. மீதிக்குத் தெருமுனையில் நின்றவர் பொறுப்பு. முதலாவது எந்தக் கடையிலும் செல்லும். இரண்டாவதை எந்தக் கோர்ட்டில் கேட்பது? கேட்டால் கேட்டவரும் மாட்டுவார். கொடுப்பதைப் போலவே வாங்குவதும் லஞ்சக் குற்றம்தான்: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 173-வது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

தண்டனை ஏட்டில் இருந்தும் வழக்குகள் ஏன் நிற்பதில்லை என்றால், இது போலீஸ் நேரடியாக விசாரணையில் இறங்கக்கூடிய குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட்டின் அனுமதி வாங்க வேண்டும். கொடுப்பது பெரும்பாலும் கடைசி இரண்டு நாளில். அனுமதி கைக்கு வருவதற்குள் வாக்குப்பதிவே முடிந்துவிடும்.

வேட்பாளரின் செலவு வரம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். நம் சட்டமன்றத் தொகுதிக்கு 2022 முதல் 40 லட்சம். இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள தொகுதியில் தலைக்கு 16 ரூபாய். ஒரு லட்சம் பேருக்கு ஆயிரம் வீதம் கொடுத்தால் 10 கோடி, வரம்பைப் போல் 25 மடங்கு. கணக்கு நோட்டில் இது ஏறவே ஏறாது.

சரக்கைப் பார்க்க முடியாதவர் பிறகு எதை வைத்துக் கணக்குத் தீர்க்கிறார்? கட்டுரை தொடாமல் விட்ட இடம் இது. தனி ஆளின் ஓட்டு ரகசியம். ஆனால் பூத்தின் ஓட்டு ரகசியம் இல்லை. எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்பது படிவம் 20 என்ற தேர்தல் முடிவுத் தாளில் வரிசையாக இருக்கும். ஒரு சாவடி என்றால் ஆயிரத்துச் சொச்சம் பேர், இரண்டு மூன்று தெரு. 'உன் பூத்துக்கு இவ்வளவு இறக்கினோம், இவ்வளவுதான் வந்திருக்கிறது' என்று பணத்தை எடுத்துப்போனவரைப் பிடித்துக் கேட்கலாம். வேட்பாளருக்குக் கிடைக்கும் ஒரே ரசீது இதுதான். ஓட்டுப் போடாத தெருவைப் பழிவாங்க நினைப்பவருக்கும் இதே பட்டியல் உதவும்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு மருந்து இருந்தது. 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் 59-ஏ என்ற விதிப்படி, மிரட்டலுக்கு இடமுண்டு என்று ஆணையம் கருதினால் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணலாம். இயந்திரம் வந்ததும் அந்தக் கலப்பு போயிற்று. 14 இயந்திரங்களைச் சேர்த்து மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' கருவியை ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2019-லிருந்து தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் விவிபேட் சீட்டுகளை எண்ணி இயந்திரத்தோடு ஒப்பிடுகிறார்கள். அதற்குச் சாவடிவாரி எண்ணிக்கை வேண்டும். குலுக்கலில் வரும் அந்த ஐந்தை மட்டும் தனியே எண்ணிவிட்டு மற்றவற்றைப் பதினான்கு பதினான்காகக் கூட்டினால் தீர்ந்தது. அடுத்த தேர்தலுக்கு முன் உங்கள் இதழ் கட்சிகளிடம் கேள்வி கேட்கும்போது, 'பணம் கொடுப்பீர்களா?' என்று கேட்டு மறுப்பை அச்சிடுவதைவிட, 'டோட்டலைசருக்குச் சம்மதமா?' என்று கேட்டு ஆமாம், இல்லை என்ற பதிலை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.