'பேபி ஆஸ்டின்' என்று அச்சிடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட கால இங்கிலாந்துப் படங்களை வெளியிடும்போது, சிறிய கார் எது நின்றாலும் அடியில் 'பேபி ஆஸ்டின், 1920கள்' என்று போட்டுவிடுகிறார்கள். ஆஸ்டின் செவன் (இதன் செல்லப்பெயர்தான் பேபி ஆஸ்டின்), மாரிஸ் மைனர், மாரிஸ் எய்ட், ஃபோர்டு ஒய் நான்கும் வேறு வேறு வண்டிகள். ரேடியேட்டர் சின்னத்தை மட்டும் நம்பக் கூடாது. கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போதும். முதலில் பார்க்க வேண்டியது முன் ஸ்பிரிங்.

ஆஸ்டின் செவனின் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முன்னால் குறுகி, ரேடியேட்டருக்கு அடியில் ஒன்றுசேரும். அங்கே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங்தான் இருக்கும். மாரிஸ் இரண்டிலும் ஸ்பிரிங்குகள் நீளவாக்கில் அமைந்தவை. அதனால் சேசிஸின் இரு முனைகளும் கொம்புபோல முன்னால் வளைந்து நீண்டிருக்கும். ஃபோர்டு ஒய்க்கும் முன்னால் குறுக்கு ஸ்பிரிங்தான். ஆனால் அதன் ரேடியேட்டர் முகப்பு பின்னோக்கிச் சாய்ந்தது, வண்டியும் நீளம்: முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே 90 அங்குலம். 1932இல்தான் வந்த வண்டி என்பதால் '1920கள்' என்ற பேச்சுக்கே இடமில்லை. முன் பம்பர் நடுவில் தாழ்ந்திருந்தால் 1933 அக்டோபருக்குப் பிந்தையது.

இனி ஆஸ்டின் செவனின் வயது. 1922 முதல் 1939 வரை வந்த வண்டியை ஒரே மாடலாக எண்ணுவதுதான் பெரிய குழப்பம். முன், பின் சக்கர இடைவெளி முதலில் 75 அங்குலம். 1931 இறுதியிலிருந்து 81. படத்திலேயே இதை அளக்கலாம். டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 26 அங்குலம். வண்டி நேர் பக்கவாட்டில் நிற்கும் படத்தில், சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை டயர் விட்டத்தால் வகுங்கள். 2.9 வந்தால் பழைய சேசிஸ், 3.1 வந்தால் புதியது. சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு பலிக்காது. ரேடியேட்டர் உறைக்கும் உடலின் நிறமே பூசியிருந்தால் அது 1934இல் வந்த ரூபி என்ற ஆஸ்டின் செவன் வகை. அதன் சக்கரம் சிறியது, ஆகவே விகிதம் 3.2ஐ ஒட்டி வரும்.

'சம்மி' என்ற, கூரை மூடாத பழைய ஆஸ்டின் செவன் உடலும் 81 அங்குல சேசிஸும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிற்காலத்து மூடிய காரின் (சலூன்) உடலைக் கழற்றிவிட்டு, பழைய பாணியில் புது உடல் ஏற்றுவது அங்கே பரவலாக நடந்த வேலை. எஞ்சினை வைத்தும் முடிவு சொல்ல முடியாது. தொடக்கத்தில் வந்த சில வண்டிகளைத் தவிர, 747 சிசி அளவு மாறவேயில்லை. ஒரு வருட எஞ்சின் இன்னொரு வருட வண்டியில் உட்கார்ந்துவிடும்.

ஆவணங்களில் உள்ள குதிரைத்திறனும் வழிதவறச் செய்யும். அது எஞ்சினின் உண்மையான திறன் அல்ல, வரிக் கணக்கு: சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுப்பார்கள். பிஸ்டன் ஓடும் நீளம் இதில் சேரவே சேராது. ஆஸ்டின் டென், மாரிஸ் டென் இரண்டின் விட்டமும் 63.5 மில்லிமீட்டர், அதாவது 2.5 அங்குலம், இரண்டுக்கும் சரியாக 10 வரும். கொள்ளளவோ ஒன்று 1125 சிசி, மற்றது 1292.

நம்பர் பிளேட்டும் உதவும். மூன்றெழுத்துப் பதிவெண்கள் இங்கிலாந்தில் 1932 ஜூலையில்தான் தொடங்கின. பிளேட் பதிவான காலத்தைத்தான் காட்டும், தயாரான ஆண்டை அல்ல.

ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் அடக்குவதற்காகப் படத்தின் அடிப்பகுதியை வெட்டாதீர்கள். ஸ்பிரிங், சேசிஸ் முனை, பம்பர், பிளேட் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்