ஆண்டறிக்கை: ஐயாவின் கட்டுகளும் நம் சனிக்கிழமை வகுப்பும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மூத்த வழக்கறிஞர்களுக்கும் சக உறுப்பினர்களுக்கும் ஜூனியர்களுக்கும் வணக்கம்.

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கொடி ஏற்றினோம். பொங்கல் விழா வழக்கம்போல நடந்தது. மறைந்த உறுப்பினர்கள் இருவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினோம். நூலக அறையில் மின்விசிறி மாற்றப்பட்டது. செயற்குழு ஐந்து முறை கூடியது, இரண்டு முறை கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கலைந்தது.

ஜூனியர்களுக்கு நடத்தும் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது என் யோசனை. "இதுக்கு யார் வருவாங்க" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள், அதனால் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

நாம் எல்லோரும் ஐயா என்று கூப்பிடும் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். அறிக்கையில் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சால்வை போர்த்தி, டிபன் கொடுத்து அனுப்பி வைத்தோம். ஆனால் அவர் அலமாரியில் இருக்கும் பழைய வழக்குக் கட்டுகளை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. பாலாற்றங்கரையில் ஒரு வக்கீலின் தொழில் எப்படி வளர்ந்தது என்பது முழுக்க அந்தக் கட்டுகளில்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் அவரிடம் வந்தவை தோல் மண்டிக் கடன், திரும்பி வந்த செக், சரக்கு சரியில்லை என்று வெளிநாட்டு வியாபாரி பணத்தை நிறுத்திய தகராறு, இப்படி வணிக வழக்குகள் மட்டும்தான். அப்புறம் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன விவசாயிகள் வர ஆரம்பித்தார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனுவில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. முன்னெச்சரிக்கை வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டம் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, நம் ஆற்றிலிருந்து போனது. அதன்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல் 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. அந்த விவசாயிகளில் பலருக்கு மனு எழுதியவர் ஐயா. எந்தக் கிணறு, எத்தனை சென்ட் நிலம், எந்த வருஷத்திலிருந்து நெல் வரவில்லை என்று அவர் கையால் எழுதிய குறிப்புகளைப் பார்த்தேன். ஒரு கட்டை மூடிவிட்டு அடுத்ததை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இன்னும் இழப்பீடு வராதவர்களுக்குக் கொடுத்து முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், இந்தக் கட்டுகள் பழங்கதை இல்லை என்று புரியும்.

கடைசிப் பதினைந்து வருஷம் அவர் அதிகம் பார்த்தது இன்சூரன்ஸ். கிடங்கில் தீ, நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் பாதியைக் குறைத்து அறிக்கை எழுதினார், கம்பெனி அதையும் மறுத்தது, இந்த மாதிரி. சர்வேயர் அறிக்கை முடிவான வார்த்தை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது, ஆனாலும் அதைப் படித்ததும் கட்சிக்காரரைச் சமாதானத்துக்கு அனுப்பிவிடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது.

வணிகம், சுற்றுச்சூழல், இன்சூரன்ஸ் இந்த மூன்றும் தனித்தனித் துறை என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, இரவில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்களே, அப்படி ஒரு விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி கட்டியவருக்கும் கட்டச் சொன்னவருக்கும் வணிகத் தகராறு, நிலமும் நீரும் கெட்டதற்குச் சுற்றுச்சூழல் வழக்கு, பாலிசி இருந்தால் மாசால் வந்த நஷ்டத்துக்குப் பணம் இல்லை என்ற விலக்கு இதற்குப் பொருந்துமா என்ற சண்டை, எல்லாம் ஒரே நாளில் பிறக்கின்றன. போபாலுக்குப் பிறகு வந்த 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்குப் பொருந்தாது, வெளியாட்களுக்குத்தான். இறந்த தொழிலாளியின் குடும்பம் அன்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இது தெரியாமல் தவறான வாசலில் மனு போட்டால் குடும்பத்துக்கு வருஷங்கள் போய்விடும்.

வகுப்பில் முதலில் நாள் கணக்கைத்தான் சொல்லித் தருகிறேன். வணிக வழக்கில் எதிர்வழக்குரைக்கு, அதாவது பிரதிவாதியின் எழுத்துப் பதிலுக்கு, 120 நாள்தான் கடைசி, அதற்குமேல் நீதிபதி நினைத்தாலும் கொடுக்க முடியாது. அவசரப் பரிகாரம் கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும், போகாமல் தாக்கல் செய்த பிராதை நிராகரிக்கலாம் என்று 2022-இல் தீர்ப்பாகிவிட்டது. பசுமைத் தீர்ப்பாயத்தில் சுற்றுச்சூழல் தாவாவுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து வருஷம், இரண்டிலும் தகுந்த காரணம் காட்டினால் 60 நாள் கூடுதல். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம். இதைச் சுவரில் எழுதி ஒட்டினேன், யாரோ மேலே காலண்டர் மாட்டிவிட்டார்கள்.

முதல் வகுப்புக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். ஆறாவது வகுப்புக்கு மூன்று பேர், மூவரும் பெண் ஜூனியர்கள், ஒருவர் இரண்டு பஸ் மாறி வருகிறார். "கட்டு தூக்க ஆள் வேண்டும்" என்று சனிக்கிழமையும் ஜூனியரைத் தன் ஆபீஸிலேயே நிறுத்திக்கொள்ளும் சீனியர்களிடம் கேட்கிறேன், இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுங்கள். ஐயா உடம்பு முடியாத நிலையிலும் நான்கு வகுப்புக்கு வந்து பேசினார். அன்று நாற்காலிகள் காலியாக இருந்தது எனக்கு மிகவும் வருத்தம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். தணிக்கை முடிந்துவிட்டது, கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. குறைவுக்குக் காரணம் செலவு இல்லை, சந்தா. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த ஆண்டு கட்டவில்லை, சிலர் மூன்று ஆண்டாகக் கட்டவில்லை, ஆனால் தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்று முதலில் வருகிறவர்களும் அவர்கள்தான். வகுப்புக்கான ஜெராக்ஸ் செலவை இதுவரை என் கையிலிருந்து கொடுத்தேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை, அடுத்த ஆண்டும் அப்படியே நடக்க முடியாது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் நீதிமன்ற ஊழியர்களுக்கும் அலுவலக உதவியாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராகத் தொடர்வது பொதுக்குழுவின் விருப்பம். யார் வந்தாலும் வகுப்பை நிறுத்த வேண்டாம். ஐயா வீட்டு மாடியில் இன்னும் ஏழு மூட்டைக் கட்டுகள் இருக்கின்றன, ஓட்டுக் கூரை, போன மழையில் ஒரு மூட்டை நனைந்துவிட்டது. கட்சிக்காரர்களின் தனிப்பட்ட தாள்களைப் பிரித்து அவர்களிடமே கொடுத்துவிட்டு மற்றதை நூலகத்தில் வைக்க அவர் சம்மதித்துவிட்டார். வரும் ஞாயிறு காலை ஒரு சின்ன வேனும் நான்கு பேரும் இருந்தால் இறக்கிவிடலாம். நான் ஏழு மணிக்கே அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்