கசடு தண்ணீரில் இல்லை, கம்பியில்!

ஆசிரியர் அவர்களுக்கு,

சுத்திகரிப்புக் கருவி விற்க வீடு தேடி வருவோர், குழாய்த் தண்ணீரை ஒரு தம்ளரிலும் ஆர்.ஓ. (சவ்வு வழியே உப்பை நீக்கும் முறை) தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றி, உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சிக் காட்டும் சோதனையை வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பேறிக் கசடு மிதக்கும். 'இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்' என்று பேச்சு தொடங்கும்.

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததல்ல. கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்புக் கம்பியே அரிக்கப்பட்டுத் துருவாக வெளிவருகிறது. உப்புகள் பெருமளவு நீக்கப்பட்ட ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரிவரப் பாயாததால் அது தெளிவாகவே நிற்கிறது. அதில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைக் கலந்து, அதே இரும்புக் கம்பிகளை இறக்கச் சொல்லிப் பாருங்கள். விற்பனையாளர் சம்மதித்தால், அதுவும் பழுப்பாகும்.

அடுத்து நீட்டப்படும் டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) மீட்டரும் மின்கடத்தும் திறனைக் கொண்டு உப்பின் அளவைக் கணிப்பதே அன்றி, கிருமியையோ ஆர்சனிக்கையோ காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, இந்த டி.டி.எஸ். அளவை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. மாற்று நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கிறது. அப்படியிருக்க, 300 காட்டும் தண்ணீரை நஞ்சென்று மிரட்டுவது வியாபாரத் தந்திரமே.

உவர்நீர்ப் பகுதிகளில் ஆர்.ஓ. தேவைப்படலாம், அதைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தின் அறிக்கை சொல்லட்டும். இந்தக் கம்பிச் சோதனையைப் பள்ளி ஆய்வகங்களில் மாணவர்களே செய்துபார்க்கக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருப்பூர்