மாத்திரையும் காய்கறியும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் வெளியான கட்டுரை பயனுள்ளது. ஆயினும், காய்கறி, பழங்களை உண்ண நேரமில்லாதவர்கள் அதே சத்துகளை மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் போகிற போக்கில் சொல்லியிருப்பதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும்போது ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளும் உடன் பிறக்கின்றன. அவை மிகும்போது செல்சவ்வின் கொழுப்பும் டிஎன்ஏவும் சிதைகின்றன. வைட்டமின் சி, ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் தம் எலக்ட்ரானைக் கொடுத்து அவற்றை அடக்குகின்றன. இதுவரை கட்டுரையாளர் கூறியது சரியே. ஆனால், வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கும் இத்தகைய மூலக்கூறுகளே பயன்படுகின்றன என்பதையும், உடல் தானே கேட்டலேஸ் போன்ற நொதிகளை உருவாக்கி அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், கூடுதலாக எடுத்தால் கூடுதல் நன்மை என்னும் கணக்கு ஏன் இங்கே செல்லாது என்பது விளங்கும்.

அக்கணக்கைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. அதில், பீட்டா கரோட்டின் என்னும் ஆன்டிஆக்ஸிடன்ட்டை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் மாத்திரையாக எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 சதவீதம் கூடியிருந்தது. புகைபிடிப்பவர்களிடமும் கல்நார்த் தொழிலாளர்களிடமும் அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வு, இதே போக்கு தெரிந்ததால் 1996இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ மாத்திரையை உயர் அளவில் எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2011இல் தெரியவந்தது. வயது மூப்பால் விழித்திரையின் மையப்பகுதி சிதையும் நோய்க்கு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைக் கலவை ஒரு விதிவிலக்கு. அதிலும் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக இப்போது லூட்டீன், சியாசாந்தின் என்னும் வேறு நிறமிகள் சேர்க்கப்படுகின்றன.

கேரட்டில் உள்ளதும் அதே பீட்டா கரோட்டின்தான். ஆனால் அங்கே அது நார்ச்சத்தோடும் வேறு பல சேர்மங்களோடும் சிறிய அளவில் இருக்கிறது; செல்சுவருக்குள் அடைபட்டிருப்பதால், நறுக்கி வேகவைத்துச் சிறிது எண்ணெய் சேர்த்தால்தான் நன்கு உறிஞ்சப்படுகிறது. தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீனுக்கும் இது பொருந்தும். வைட்டமின் சியோ இதற்கு நேர்மாறு. சூட்டில் அழியும், வடித்துக் கொட்டும் நீரோடு போய்விடும். ஆகவே சிலவற்றைச் சமைத்தும் சிலவற்றைப் பச்சையாகவும் உண்பதே ஏற்றது. காய்கறி, பழங்களை நிறைய உண்பவர்களிடம் இதயநோய் குறைவாகக் காணப்படுவது உண்மை; அந்தப் பெருமை முழுவதையும் ஆன்டிஆக்ஸிடன்ட்களின் பெயரில் எழுதிவைப்பதுதான் அவசரம். சோதனைக் குழாயில் அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை விளம்பரங்கள் பெரிதாகக் காட்டுகின்றன. அத்தகைய அளவீட்டுப் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இலேயே தன் இணையதளத்திலிருந்து நீக்கிவிட்டது.

புகைபிடிப்பவர்களும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய மாத்திரைகளை எடுக்கக் கூடாது என்னும் குறிப்பை அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்