திவானுக்குள் இருப்பவனுக்கும் ஒரு வீடு உண்டு

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய திரைக்கதையைப் படித்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பேச்சு பாதியில் வேறெங்கோ போய்விடும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடி வீடு, அதில் புதிதாகக் குடிவந்த கணவனும் மனைவியும், இரவு விருந்துக்கு வரவிருக்கும் மேலாளரும் அவர் மனைவியும், அவர்களுக்கு முன்பே வந்து, பழைய கடன் பற்றிய தகராறில் கீழே விழுந்து உயிரை விட்டுவிடும் மேலாளரின் மைத்துனன். வேறு இடம் கிடைக்காமல் அவனைக் கூடத்துத் திவானின் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே மெத்தையும் விரிப்பும் போட்டு, வந்தவர்களை அதன் மேலேயே உட்காரவைக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் திவான் இருக்கிறது. உறவினர் வீட்டுக்குப் போனால் முதலில் உட்காரச் சொல்லும் இடமும் அதுதான்.

விருந்தையும் பிணத்தையும் ஒரே அறையில் வைக்கும் கதைகளுக்கெல்லாம் மூத்தவற்றில் ஒன்றை நீ மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1948-இல் இயக்கிய 'ரோப்' படத்தைச் சொல்கிறேன். பாட்ரிக் ஹாமில்டன் 1929-இல் எழுதிய நாடகத்திலிருந்து உருவானது. நியூயார்க் நகரத்து அடுக்குமாடி வீடொன்றில் இரண்டு இளைஞர்கள், தங்களை மற்றவர்களைவிட மேலானவர்கள் என்று எண்ணிக்கொண்டு, கூடப் படித்த நண்பனைக் கயிற்றால் நெரித்துக் கொன்று ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். பிறகு அந்தப் பெட்டியின் மீதே துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, உணவைப் பரப்பி விருந்து நடத்துகிறார்கள். அழைக்கப்பட்டவர்களில் இறந்தவனுடைய தந்தையும், அவன் மணக்கவிருந்த பெண்ணும் இருக்கிறார்கள்.

அந்தப் படம் என்றாலே எல்லோரும் நீண்ட ஷாட்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒரு பிலிம் சுருள் பத்து நிமிடம்தான் ஓடும் என்பதால், அந்த அளவுக்கு வெட்டாமல் எடுத்து, ஒருவருடைய கோட்டின் முதுகுக்குக் கேமராவைக் கொண்டுபோய் அங்கே ஒட்டுப்போட்டார்கள். பெரிய வண்ணக் கேமரா நகர வழிவிட்டுச் சுவர்கள் உருளைகளின் மேல் விலகின. ஹிட்ச்காக்கின் முதல் வண்ணப்படமும் அதுவே. இவையெல்லாம் உனக்கு முன்பே தெரிந்திருக்கும். நான் பார்க்கச் சொல்வது வேறு.

விருந்து ஏறக்குறைய முடிந்த நேரம். வரவேண்டிய பையன் ஏன் இன்னும் வரவில்லை என்று விருந்தினர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு மட்டும் நம் காதில் விழுகிறது, பேசுகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. கேமரா பெட்டியை விட்டு அசைவதேயில்லை. வேலைக்கார அம்மாள் பெட்டி மேலிருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள், மெழுகுவர்த்தித் தண்டை எடுத்துக்கொண்டு போகிறாள், திரும்பி வந்து விரிப்பை உருவுகிறாள். பிறகு அந்தப் பெட்டியில் வழக்கமாக இருக்கும் புத்தகங்களைக் கொண்டுவந்து உள்ளே அடுக்குவதற்காக மூடியைத் தூக்கப் போகிறாள். அவள் செய்வது அன்றாட வேலை, அதுவும் ஒழுங்காகச் செய்கிறாள். நமக்கோ சிரிப்பும் வருகிறது, அடிவயிறும் கலங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் இந்த வகைப் படத்தின் உயிர். அதற்கு வசனமும் வேண்டியதில்லை, பின்னணி இசையும் வேண்டியதில்லை.

உன் கதையில் வேலை செய்ய வரும் அக்காவை நீ இரண்டு வரிகளுக்காக மட்டும் உள்ளே விட்டிருக்கிறாய், அதுவும் அவள் பேச்சு வழக்கை வைத்துச் சிரிக்கவைக்க. அது வேண்டாம். அவளுக்குக் கொஞ்சம் நேரம் கொடு, அவள் வேலையைச் செய்யட்டும். அவளைவிடவும் நல்ல ஒரு வழி மாமியார் பாத்திரத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் திவான் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசித்துப் பார். பழைய போர்வை, கொலுப் பொம்மை, கல்யாண வீடுகளில் வந்த தாம்பூலப் பைகள், யாருக்காவது வைத்துக் கொடுக்கலாம் என்று சேர்த்துவைத்த ரவிக்கைத் துணிகள். விருந்து முடிந்து மேலாளரின் மனைவி கிளம்புகிறாள். சுமங்கலிப் பெண்ணை வெற்றிலை பாக்கும் குங்குமமும் மட்டும் கொடுத்து அனுப்ப மாமியாருக்கு மனம் வரவில்லை. "இரும்மா, ஒரு ரவிக்கைத் துணி வெச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டு அவள் மெத்தையின் ஓரத்தைத் தூக்குகிறாள். மகனும் மருமகளும் அவளை எந்த வார்த்தை சொல்லித் தடுப்பார்கள்? அந்த இடத்தை ஒரு பக்கத்தில் முடித்துவிடாதே. நன்றாக நீட்டி எழுது.

முகத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். அனிச்சப்பூ மோந்தால் வாடும், விருந்தினரோ நம் முகம் கொஞ்சம் மாறினாலே வாடிவிடுவார் என்றார் வள்ளுவர். அந்தக் குறளைச் சின்ன வயதில் ஒப்பித்தவள் நீ. உன் கணவன் மனைவி இருவருக்கும் அன்றிரவு உள்ள ஒரே வேலை முகம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான். 'ரோப்' படத்தில் விருந்துக்கு வந்த ஒரு பெண்மணி வேறொரு பையனைப் பார்த்து, இறந்தவனின் பெயரைச் சொல்லி மகிழ்ச்சியோடு கூப்பிட, கொலைகாரர்களில் ஒருவன் கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையை நொறுக்கிக் கையைக் கிழித்துக்கொள்கிறான். பிறகு அதே பெண்மணி, பியானோ வாசிக்கும் அவன் கைகளைப் பார்த்து, இந்தக் கைகள் உனக்குப் பெரும் புகழ் தரும் என்கிறாள். அவள் நகைச்சுவைப் பாத்திரமே இல்லை என்பதுபோல, முழு நம்பிக்கையோடு அதைச் சொல்கிறாள். உன் வசனங்களில் பல, தாங்கள் வேடிக்கையானவை என்று தெரிந்துகொண்டே பேசுகின்றன. அவற்றை எடுத்துவிடு.

இனி என் மனத்தை மிகவும் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். திவானுக்குள் கிடப்பவனின் கைப்பேசி அடிக்கடி அதிர்கிறது, அவனுடைய அம்மா அழைக்கிறாள். அதை நீ மூன்று முறை சிரிப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறாய். முதல் முறை நானும் சிரித்தேன், மூன்றாம் முறை என்னால் முடியவில்லை. அந்த அம்மாவின் நிலையில் உன் அம்மாவையோ என்னையோ வைத்துப் பார்த்திருந்தால் நீயும் அப்படி எழுதியிருக்க மாட்டாய்.

'பஞ்சதந்திரம்' படத்தில் நண்பர்கள் பிணத்தோடு படும் பாட்டுக்கு நாம் வீடு முழுக்கச் சிரித்தோம். அங்கே கடைசியில் அந்தப் பெண் சாகவேயில்லை என்று தெரிந்துவிடுகிறது, அதனால் சிரித்ததற்காக யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் கதையில் இருப்பவன் உண்மையிலேயே இறந்தவன். ஹிட்ச்காக் படத்திலும் அப்படித்தான், அதனால்தான் அவர் எல்லோரையும் வேடிக்கை செய்துவிட்டு அந்தத் தந்தையை மட்டும் ஒருபோதும் வேடிக்கையாக்கவில்லை. அவர் ஜன்னலருகில் நின்று மகன் வருகிறானா என்று பார்க்கிறார். வீட்டிலிருந்து நோயாளி மனைவி தொலைபேசியில் கேட்கிறாள். கடைசியில் அவர் பரிசாகப் பெற்ற புத்தகங்களைக் கொலைக்குப் பயன்பட்ட அதே கயிற்றால் கட்டிக் கொடுக்கிறார்கள், அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போகிறார். அந்தக் காட்சியில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. அதுவரை வந்த நகைச்சுவை கெடவில்லை. இன்னும் கனமாகிவிடுகிறது.

ஆகவே முதல் அழைப்பு சிரிப்பாகவே இருக்கட்டும். இரண்டாவது அழைப்பின்போது, திவான் மேல் உட்கார்ந்திருக்கும் மேலாளரின் மனைவி, அதாவது இறந்தவனின் அக்கா, அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தன் கைப்பையைத் திறந்து பார்க்கட்டும். மூன்றாவது அழைப்பு அவளுடைய கைப்பேசிக்கே வரட்டும். "தம்பி எடுக்க மாட்டேங்கிறான், உன்கூட இருக்கானா?" என்று அம்மா கேட்கட்டும். அதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் பேச வேண்டாம்.

விருந்தின் நடுவில் ஒரு பாடல் வேண்டும் என்று உன் தயாரிப்பாளர் வற்புறுத்துவதாக எழுதியிருந்தாய். இணங்காதே. 1954-இலேயே எஸ். பாலச்சந்தர் 'அந்த நாள்' படத்தை ஒரு பாடலும் இல்லாமல் எடுத்துக் காட்டியிருக்கிறார். உன் கதை ஒரே இரவில், ஒரே கூடத்தில் நடப்பது. கதவுக்கு வெளியே ஒரு பாட்டுக்காகப் போய் வந்தால், திவானில் யார் இருக்கிறான் என்பதைப் பார்வையாளர் மறந்துவிடுவார்.

இறுதிக் காட்சியைப் பற்றி இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை, மேலே சொன்னவற்றை நீ மாற்றினால் அதுவும் தானாக மாறும். திருத்திய வடிவத்தை அனுப்பு. அம்மாவும் படிக்க வேண்டும் என்கிறாள், அதனால் எழுத்தைச் சற்றுப் பெரிதாக வைத்து அனுப்பு. ரவிக்கைத் துணியோடு என்னென்ன வைத்துக் கொடுப்பது வழக்கம் என்பதை அவள் தனியாக எழுதி அனுப்புவாள்.

அன்புடன்,
அப்பா