வாய்தாவை இழுத்து நகர்த்தாதே

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

இந்த ஆண்டு முதல் வழக்கு நாட்குறிப்பு வாங்கப்போவதில்லை என்றும், எல்லா வாய்தாக்களையும், அதாவது நீதிமன்றம் குறிக்கும் விசாரணைத் தேதிகளை, டேப்லெட்டிலேயே குறித்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தாய். எனக்கு மறுப்பு இல்லை. பிராதும் (வழக்கு மனு) எதிர்வாதுரையும் (எதிர்த்தரப்பின் பதில்) சான்றாவணங்களும் ஒரே கருவியில் இருக்க, குறுக்கு விசாரணையின் நடுவே வேண்டிய பக்கத்தை உடனே எடுக்க முடிவது, கட்டுகளைச் சுமந்து நீதிமன்றப் படியேறிய என் போன்றவர்களுக்குப் பெரிய வரமாகவே படுகிறது. ஆனால் நாட்குறிப்பு செய்துவந்த ஒரு வேலையை டேப்லெட் தானாகச் செய்யாது.

வழக்கு தள்ளிவைக்கப்பட்டால் நாட்குறிப்பில் இரண்டு இடத்தில் எழுதுகிறோம். இன்றைய பக்கத்தில் நடந்ததையும் அடுத்த வாய்தாவையும் குறித்துவிட்டு, அந்த வாய்தாவின் பக்கத்தைத் திருப்பி, அதே வழக்கை முந்தைய தேதியோடு அங்கேயும் எழுதிவைக்கிறோம். அதனால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் அந்த வழக்கு கடந்துவந்த வழி முழுவதையும் படித்துவிடலாம். டேப்லெட் நாட்காட்டியிலோ, அந்தப் பதிவை விரலால் இழுத்து அடுத்த தேதியில் விட்டால் இன்றைய நாள் வெறுமையாகிவிடுகிறது. பழைய பதிவை அப்படியே விட்டுவிட்டு, நகலெடுத்துப் புதிய தேதியில் வை.

நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில், ஒவ்வொரு வழக்குக்கும் உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் முந்தைய தேதிகளெல்லாம் வருகின்றனவே என்று நீ கேட்கலாம். வருகின்றன, நானும் பார்க்கிறேன். ஆனால் நீதிமன்ற ஊழியர் பதிவேற்றியது மட்டுமே அதில் இருக்கும். சாட்சியை எந்தக் கேள்வியோடு நிறுத்தினாய், எதிர்த்தரப்பு எதற்காக வாய்தா கேட்டது, கட்சிக்காரரிடம் எந்த மூலப்பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னாய் என்பவை உன் குறிப்பில்தான் இருக்க முடியும். நீதிமன்ற அறையைவிட்டு வெளியே வருமுன் அவற்றை எழுதிவிடு.

மனு தாக்கல் செய்யச் சட்டம் தரும் காலவரையறைதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. வாய்தாவை நீதிமன்றம் சொல்லிவிடும். உரிமையியல் வழக்கின் மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள், ஒரு தரப்பு வராததால் தரப்பட்ட ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள் என்பதையெல்லாம் நாமே கணக்கிட வேண்டும், அந்தக் கடைசி நாள் எந்த வழக்குப் பட்டியலிலும் வராது. அதற்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டல் வை. அதே தேதியைக் குமாஸ்தாவிடமும் சொல்லிவை, ஏனென்றால் சார்ஜ் தீர்ந்த கருவி யாருக்கும் எதையும் நினைவூட்டாது.

கட்சிக்காரர் உன்னிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்பது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 132-ஆம் பிரிவு. ஆகவே பேரன் படம் பார்க்க அந்த டேப்லெட்டைக் கொடுக்காதே. அவனுக்கு வேறு இருக்கட்டும்.

மே மாத விடுமுறையில் வரும்போது அதைக் கொண்டுவா. நடப்பு வழக்குகளை என் நாட்குறிப்பிலிருந்து நானும் மாற்றிக்கொள்ள விரும்புகிறேன். பதிவை நகலெடுப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டு.

அன்புடன்,
அம்மா