காதல் எடுத்துக்கொள்ளும் நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நாவலின் முதல் படியை இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை பென்சிலோடு. முப்பதுகளில் இருக்கும் நண்பர்களின் நட்பையும் காதலையும் சிரிக்கச் சிரிக்க எழுதவேண்டும் என்று நீ எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்த வகைக் கதையை லேசான வாசிப்பு என்று ஒதுக்குகிறவர்கள் அதன் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று பார்த்ததில்லை. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கடிதத்தில் போட்டுக் காட்டப்போகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் காதலிக்கத் தொடங்குவதை, நண்பர் கூட்டத்துக்குக் கிடைத்த கூடுதல் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். இந்த வயதில் காதல் கழித்தல் கணக்கு, கண்ணம்மா. மனிதர்களின் நட்பு வட்டங்களை ஆராய்ந்த ராபின் டன்பார், அவை சுமார் 5, 15, 50, 150 பேர் என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிவதாகச் சொல்கிறார். உள்வட்டத்தில் இடம் ஐந்து பேருக்குத்தான். புதிதாக ஒரு காதல் வரும்போது அந்த உள்வட்டத்திலிருந்து சராசரியாக இரண்டு பேர் நழுவுகிறார்கள் என்பதும் அவருடைய ஆய்வில் வந்த முடிவு. உன் நாவலுக்கான எரிபொருள் அந்த இரண்டு பேர்தான். யார் அந்த இருவர்? உன் படியில் ஒருவருமே நழுவவில்லை. எல்லாரும் கைதட்டுகிறார்கள். அதனால்தான் 12ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு சிரிப்பும் வற்றிவிடுகிறது.

விவாகரத்தானவளை எடுத்துக்கொள். இரவு 11 மணிக்கு அவள் போன் செய்தால் மொழிபெயர்ப்பாளர் எடுப்பாள் என்று முதல் அத்தியாயத்திலேயே அழகாக நிறுவியிருக்கிறாய். காதல் வந்த பிறகு அந்தப் போன் என்ன ஆயிற்று? மூன்றாவது மணியில் எடுக்கப்பட்டது ஏழாவது மணியில் எடுக்கப்படட்டும். பிறகு "காலையில கூப்பிடட்டுமா?" என்று ஒரு மெசேஜாகட்டும். அதற்குப் பிறகு அவளே கூப்பிடுவதற்கு முன் மணி பார்க்கத் தொடங்கட்டும். ஒரு வரிகூடச் சோகமாக எழுதாதே. மணியை மட்டும் எழுது, போதும்.

நேரக் கணக்கு இன்னொரு இடத்திலும் இடிக்கிறது. கணக்காளனின் அலுவலகத்திலிருந்து வரும் புதியவன் 2ஆம் அத்தியாயத்தில் அறிமுகமாகி, 6ஆம் அத்தியாயத்தில் வீட்டுச் சாவி வாங்கும் அளவுக்கு நெருங்கிவிடுகிறான். இடையில் கதையில் கழிந்தது ஆறு வாரம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணப் பழக்கம் நட்பாவதற்குச் சுமார் 50 மணி நேரம், நல்ல நண்பராவதற்கு 90, நெருங்கிய நண்பராவதற்கு 200க்கு மேல் என்று கணக்கிட்டார். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருப்பவர்கள் நாளுக்கு 3 மணி நேரம் பேசினால், 67 நாளில் 200 மணி ஆகிவிடும். வேலை, குழந்தை, வயதான பெற்றோர் என்று இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் சந்தித்தால் ஆண்டுக்கு 52 மணி. 200 ஆவதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டு. ஆகவே புதியவனை வேகமாக நெருங்கவைக்க வேண்டுமானால், அவனை அவர்களோடு எங்காவது பூட்டிவை. மூன்று நாள் வீடு மாற்றும் வேலை, இரவு முழுக்க மருத்துவமனைக் காத்திருப்பு, 14 மணி நேரக் கார்ப் பயணம். வாசகருக்கு இந்த எண்கள் தெரியாது, ஆனால் நேரம் போதவில்லை என்பது மட்டும் உடனே உறைக்கும்.

அப்புறம், நண்பர் கூட்டத்தில் ஏழு பேர் அதிகம். ஐந்து பேர் என்றால் பத்து இணைகள், ஆறு பேர் என்றால் 15, ஏழு பேர் என்றால் 21. ஒவ்வொரு இணைக்கும் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயமாவது வேண்டும்: ஒரு பழைய கடன், ஒரு மன்னிப்பு, அவர்கள் இருவருக்கு மட்டும் சிரிப்பு வரும் ஒரு சொல். 21 இணைக்கு உன்னால் இதைச் செய்யமுடியாது, யாராலும் முடியாது. கைக்குழந்தைக்காரியையும் வீடியோவில் மட்டும் வருகிறவனையும் ஒரே ஆளாக்கு. தூர ஊரில், கையில் குழந்தையோடு, பாதி வாக்கியத்தில் திரையிலிருந்து மறைகிற ஒருத்தி. மேடைப் பேச்சாளரை முழுவதுமாக எடுத்துவிடு. அவர் பேசும் நல்ல வசனங்கள் மூன்றையும் கணக்காளனுக்குக் கொடு. புதியவனைச் சேர்க்காமல் ஐந்து பேர் வந்துவிடும்.

இப்போது சிரிப்புக்கு வருகிறேன். நகை எதிலிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியம் நான்கு சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உன் படியில் பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். பத்தில் ஒன்பது எள்ளல்தான். ஒருவர் மாற்றி ஒருவர் கேலி செய்துகொண்டே இருக்கிறார்கள். எள்ளல் சீக்கிரம் கைக்கு வரும், சீக்கிரம் அலுத்தும் போகும், ஏனென்றால் அதில் பேசுகிறவர் எப்போதும் விழிப்பாக இருக்கிறார். முப்பதுகளின் நட்புக்கு உரியது நான்காவது. மடன் என்பதற்குப் பழைய உரை தரும் விளக்கம் "கொளுத்தக்கொண்டு கொண்டது விடாமை". ஒருவர் சொல்லக் கேட்டுப் பிடித்துக்கொண்டதை விடாமலிருப்பது. நீண்டகால நண்பர்கள் ஒருவரை ஒருவர் 22 வயதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பிறகு ஆள் மாறினாலும் பாடத்தை விடுவதில்லை. மருத்துவர் எப்போதும் தாமதமாக வருவார் என்று நம்பி அவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக நேரம் சொல்கிறார்கள். அவரோ இப்போதெல்லாம் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்கிறார். இது உன் 3ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. நாவலின் ஆகச் சிறந்த இடம் அதுதான். அதைப்போல ஆளுக்கு ஒன்று கண்டுபிடி.

மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் காதலிக்கும் ரகசியத்தை நீ கையாண்ட விதம்தான் எனக்குப் பெரிய வருத்தம். 9ஆம் அத்தியாயத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. கையிருப்பையெல்லாம் ஒரே நாளில் செலவழித்துவிட்டாய். ஒரு தாளில் கட்டம் போடு. இடப்பக்கம் அத்தியாய எண்கள். மேலே ஐந்து பேர், ஆறாவதாக வாசகர். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு குறிப்பு: இவருக்குத் தெரியுமா, இவருக்குத் தெரியும் என்பது வேறு யாருக்குத் தெரியும். வாசகருக்குத் தெரிந்து, மேசையில் ஒருவருக்கு மட்டும் தெரியாத அத்தியாயங்களில் சிரிப்பு தானாக வரும். எல்லாருக்கும் தெரிந்து, தெரியாததுபோல் நடிக்கிற அத்தியாயங்களில் இன்னும் நன்றாக வரும். வரிசை முக்கியம். ரகசியம் தங்காத கணக்காளனுக்கு முதலில் தெரியவேண்டும். தெரிந்தால் அதிகம் நொந்துபோகிறவளுக்கு, அதாவது விவாகரத்தானவளுக்கு, கடைசியில். அது மொத்தக் கதையில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய பிறகு வரட்டும். அதற்கு முன்னால் வந்தால் மீதிப் பக்கங்களில் சமாதானம் செய்வதைத் தவிர வேறு வேலை இருக்காது.

அவளுக்கு எப்படித் தெரியவேண்டும் என்பதற்கு விடையை நீயே எழுதி வைத்திருக்கிறாய், கவனிக்கவில்லை. மருத்துவரின் ஓடாத கைக்கடிகாரம். திரும்பத் திரும்ப வரும் நகைச்சுவையாக அதை ஒன்பது முறை கொண்டுவருகிறாய், நான்கு போதும். முதல்முறை சாதாரணமாக, ஒரே வரியில். இரண்டாம் முறை வேறொருவர் வாயில். பிறகு ஐம்பது, அறுபது பக்கம் விட்டுவிடு, வாசகர் மறக்கட்டும்; மூன்றாவது அப்போது வந்தால் வாய்விட்டுச் சிரிப்பார். நான்காவது முறை கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கட்டும். பத்து வருடமாக எல்லாரும் சிரித்த பொருளை ஒருத்தி எடுத்துப்போய்ப் பழுது பார்த்திருக்கிறாள். விவாகரத்தானவள் அந்த நொடிமுள்ளைப் பார்க்கிறாள். யாரும் எதையும் சொல்லவேண்டாம். அந்தக் காட்சியில் இப்போது இருக்கிற ஒன்றரைப் பக்க வசனத்தை எடுத்துவிடு.

வாக்கியத்துக்கு வா. தமிழில் பெயருக்கு முன்னாலேயே அதன் விவரம் வந்துவிடும். அதனால் வேடிக்கை முன்கூட்டியே கசிந்துவிடுகிறது. "எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த ரகசியத்தை அவன் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் சொன்னான்" என்று எழுதியிருக்கிறாய். முதல் மூன்று சொல்லிலேயே கதை முடிந்தது. இப்படிப் பார்: "அவன் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான். ரகசியத்தைச் சொன்னான். மூன்று பேரும் முதன்முறை கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்கள்." இன்னொரு பக்கம், வினை கடைசியில் வருவது நமக்குக் கிடைத்த வரம். "அவள் எண்ணைத் தேடி எடுத்து, மூச்சை இழுத்துவிட்டு, மணி அடிப்பதைக் கேட்டு, அவள் 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டான்." எச்சங்களை அடுக்கி, முற்றில் கவிழ்க்கவேண்டும். மூன்று எச்சம் சரியான அளவு. ஐந்தைத் தாண்டினால் வாசகர் எழுவாயை மறந்துவிடுவார்.

விளிச்சொற்களை நீ இன்னும் பயன்படுத்தவே இல்லை. 12 வருடமாக "வாடி", "போடா" என்று பேசிக்கொண்ட இருவர் காதல் வந்ததும் மற்றவர்கள் முன்னால் பதற்றத்தில் "வாங்க", "சொல்லுங்க" என்று பேசினால், அதைவிடப் பெரிய வாக்குமூலம் உண்டா? 4ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு "ங்க" போதும். கணக்காளன் தலையை நிமிர்த்திப் பார்க்கட்டும். அதோடு பேச்சு நடையின் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள். "போயிட்டேன்" ஒரு பக்கம், "போய்ட்டேன்" மறுபக்கம் என்று கலந்து கிடக்கிறது. ஆளுக்கு ஆள் வேறுபடலாம், ஒரே ஆளுக்குள் மாறக்கூடாது.

ஐந்து பேரும் ஒன்றாக உட்காரும் காட்சிகளில், ஒரு நேரத்தில் இருவர் பேசட்டும், மூன்றாமவர் குறுக்கிடட்டும், மற்றவர்களின் கைக்கு ஏதாவது வேலை கொடு. வந்து, வணக்கம் சொல்லி, உட்காருவதையெல்லாம் வெட்டு. நான்கைந்து வரிக்கு ஒருமுறை யார் பேசுவது என்று தெரியவேண்டும். பெயர்களைக் கையால் மறைத்துப் படித்துப் பார். யார் பேசுவது என்று கண்டுபிடிக்க முடியவில்லையென்றால், எல்லாரும் உன்னைப்போலவே கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறார்கள் என்று பொருள். சிரிக்கவைக்கும் விதத்தையே பிரித்துக்கொடு. ஒருவர் எதற்கும் எண் சொல்லி மிகைப்படுத்துவார். ஒருத்தி சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவாள். ஒருவர் அடுத்தவர் நகைச்சுவையைத் தப்பாகத் திருப்பிச் சொல்வார். ஒருத்திக்கு நல்ல பதில் மறுநாள்தான் தோன்றும், அதை மெசேஜில் அனுப்புவாள்.

வாட்ஸ்அப் உரையாடல்கள் எட்டு வரிக்கு மேல் போகவேண்டாம். நீக்கப்பட்ட மெசேஜ் ஒன்று பத்து வரி வசனத்துக்குச் சமம். ஒருவரின் பிறந்தநாளுக்காக அவரை விட்டுவிட்டுத் தொடங்கிய குழு, கலைக்கப்படாமல் அப்படியே தொடர்வது நல்ல யோசனை. ஆனால் தவறான குழுவில் மெசேஜ் போடுவது நாவல் முழுக்க ஒரே முறைதான் நடக்கவேண்டும்.

நீளம் பற்றிக் கேட்டிருந்தாய். ஆங்கிலத்தில் சொல்லும் சொல் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. தமிழில் வேற்றுமையும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையும். 50,000 சொற்கள், பக்கத்துக்கு 200 என்று வைத்தால் 250 பக்கம். இந்தக் கதைக்கு அது போதும். இப்போது 71,000 இருக்கிறது. இரண்டு ஆட்கள் குறைந்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

திருத்தும்போது முதலில் கட்டத்தை நிரப்பு, பிறகு மணிக்கணக்கை எழுது, வாக்கியங்களைக் கடைசியில் தொடு. வரிசை மாறினால் வெட்டப்போகிற பக்கங்களைப் பாலிஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். முடிந்ததும் முழுவதையும் வாய்விட்டுப் படி. மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடை. சிரிப்பு வரவேண்டிய இடத்துக்கு முன்னால் குரல் தானாக வேகமெடுத்தால், அங்கே ஒரு சொல் அதிகமாக இருக்கிறது.

அடுத்த படியை ஒற்றைப் பக்கமாக அச்செடுத்து, வரிகளுக்கு நடுவில் இரட்டை இடைவெளி விட்டு அனுப்பு. கட்டம் போட்ட தாளையும் சேர்த்து வை. அத்தியாயத்தைப் படிப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். 3ஆம் அத்தியாயத்தில் மட்டும் ஒரு எழுத்தையும் மாற்றாதே.

அன்புடன்
அம்மா